கிறிஸ்டியன் ஃபென்னெஸ் ஏன் இத்தனை பேருடைய ஆல்பங்களில் இருக்கிறார்?

சகமோட்டோ வழியாக இவரை அறிந்த நீங்கள், ஜப்பானிய இசையமைப்பாளர் சகமோட்டோ, ஆங்கிலேயப் பாடகர் டேவிட் சில்வியன், அமெரிக்க ராக் குழு ஸ்பார்க்கிள்ஹார்ஸ் என்று ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லாதவர்களின் ஆல்பங்களில் ஃபென்னெஸ் என்ற பெயர் திரும்பத் திரும்ப வருகிறதே, யார் இவர் என்று கேட்டிருக்கிறீர்கள். இவர் கிட்டார் கலைஞரா, லேப்டாப்பில் சத்தம் எழுப்புகிறவரா, கேட்கத் தொடங்குவதென்றால் எங்கே தொடங்குவது என்பதும் கேள்வியில் இருக்கிறது. ஒரு வரியில் சொன்னால், 1962இல் பிறந்த ஆஸ்திரியக்காரர். கையில் இருப்பது கிட்டார். அந்தக் கிட்டாரின் ஒலி நம் காதுக்கு வருவதற்கு முன் ஒரு கம்ப்யூட்டருக்குள் போய்த் திரும்புகிறது. இந்த ஒரு வரியை வைத்து அவருடைய இசை எப்படி இருக்கும் என்று யாராலும் ஊகிக்க முடியாது என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே வைத்துவிடுகிறேன். தனி ஆல்பங்கள்தான் இவருடைய முக்கியமான வேலை, கூட்டு ஆல்பங்கள் இடையில் செய்தவை என்று பிரித்துப் பேசுகிற வழக்கம் இருக்கிறது. எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒருவரோடு சேர்ந்து செய்ததில் கிடைத்தது அடுத்த தனி ஆல்பத்தில் வந்து நிற்கிறது. தனியாக உட்கார்ந்து கண்டுபிடித்தது அடுத்த கூட்டாளியை இவரிடம் அழைத்து வருகிறது. 1995இலிருந்து இன்றுவரை இந்த இரண்டும் மாறி மாறித்தான் நடந்திருக்கின்றன. ஆகவே காலவரிசையில் போவோம், இரண்டையும் பிரிக்காமல்.

ஃபென்னெஸ் சிறுவயதிலேயே கிட்டார் பிடித்தவர், இசையை முறையாகப் படித்தவர். முதலில் மைஷே என்ற ஆஸ்திரிய ராக் குழுவில் வாசித்தார். பரிசோதனை நாட்டமுள்ள குழு அது. அங்கிருந்து விலகித் தனியாக வேலை செய்யத் தொடங்கிய காலத்தில் வியன்னாவில் புதிதாக ஒன்று முளைத்திருந்தது. 1994இல் தொடங்கிய மெகோ என்ற சின்ன இசை நிறுவனம். ரமோன் பாவர், ஆண்டி பீப்பர் இருவரோடு பீட்டர் ரேபெர்க்கும் சேர்ந்து நடத்தியது. நடன இசையின் விளிம்பில் நின்றுகொண்டு, கம்ப்யூட்டரால் என்னென்ன விசித்திரமான ஒலிகளை எழுப்ப முடியும் என்று தேடியவர்கள். மெகோவின் முதல் வெளியீடே ஃப்ரிட்ஜ் எழுப்பும் சத்தங்களைப் பதிவு செய்து அதிலிருந்து உருவாக்கிய இசை. மொசார்ட், ஷூபர்ட், மாலர் என்ற பெயர்களால் உலகம் அறிந்த நகரத்தில் இப்படியொரு கூட்டம்.

அந்த நிறுவனத்தில் 1995இல் ‘இன்ஸ்ட்ரூமென்ட்’ என்ற சிறு வெளியீடு, 1997இல் ‘ஹோட்டல் பேரலல்’ என்ற முதல் முழு ஆல்பம். ‘ஹோட்டல் பேரலல்’ இன்றைக்குக் கேட்டாலும் கரடுமுரடானது. கீறல், கரகரப்பு, அறுந்துபோன தாளம், இடையிடையே ஒரு மெட்டின் நிழல். கிட்டார் எங்கே என்று தேடினால் கிடைக்காது. ஆனாலும் எல்லா ஒலிக்கும் பின்னால் கம்பி அதிர்ந்த ஒரு வெதுவெதுப்பு இருக்கிறது. மெகோவின் மற்றவர்களிடம் அது இல்லை.

இதை எப்படிச் செய்கிறார் என்று பார்த்தால்தான் மேற்கொண்டு சொல்வது புரியும். கிட்டாரில் ஒரு கார்டு (ஒரே நேரத்தில் ஒலிக்கும் சில ஸ்வரங்களின் கூட்டு) வாசித்து அதைக் கம்ப்யூட்டரின் நினைவகத்தில் பிடித்துவைக்கிறார். பிறகு அந்தப் பதிவை நூறில் ஒரு பங்கு விநாடி, பத்தில் ஒரு பங்கு விநாடி அளவுள்ள துணுக்குகளாக நறுக்கி, அவற்றை ஒன்றின்மேல் ஒன்று படியும்படி இசைக்கிறார். துணுக்குகள் மெதுவாக வந்தால் திக்குவது போலக் கேட்கும். விநாடிக்கு இருபதைத் தாண்டி வேகமாக வந்தால் தனித்தனித் துணுக்கு என்பதே மறைந்து ஒரே நீண்ட ஸ்வரமாக உருகிவிடும். வியன்னாக்காரரான கிளாவுஸ் ஃபிலிப் எழுதிய ‘லூப்’ என்ற மென்பொருளை இதற்காக ஃபென்னெஸ் நெடுங்காலம் பயன்படுத்தினார். முன்கூட்டியே எழுதிவைத்த இசையை ஓட்டுவதற்கான கருவி அல்ல அது. மேடையிலேயே ஒலியைப் பிடித்து, கலைத்து, திருப்பிவிட உதவுவது.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கிட்டாரைக் கிட்டார் என்று காது கண்டுகொள்வது பெரும்பாலும் கம்பியைத் தட்டும் அந்த முதல் கணத்தை வைத்துத்தான். அதை வெட்டி எறிந்துவிட்டுப் பின்னால் நீளும் அதிர்வை மட்டும் வைத்தால், அது ஆர்கனாகவோ வயலின் கூட்டமாகவோ காதில் விழும். 1940களின் இறுதியில் பாரிஸில், பதிவு செய்த ஒலிகளையே இசையாக்கிய பியர் ஷேஃபர் மணியோசையின் முதல் அடியை நீக்கிப் பார்த்துக் கண்டது இதைத்தான். ஃபென்னெஸ் அந்த வெட்டை எங்கே வைப்பது என்பதில் மன்னன். ஒரே பாடலில் தட்டு முழுதாகக் கேட்கும், பாதி கேட்கும், அறவே காணாமல் போகும், நாம் எதிர்பார்க்காதபோது திரும்பி வரும். கிட்டார் வந்து வந்து மறைவது போன்ற அந்த உணர்வு அவருடைய இசையில் எங்கும் இருக்கிறது.

இன்னொன்று, பிழை. டிஜிட்டல் ஒலிக்கு ஓர் உச்ச அளவு உண்டு. அதை மீறினால் அலையின் தலை தட்டையாக வெட்டுப்பட்டு மூலத்தில் இல்லாத கூர்மையான ஒலிகள் சேர்ந்துவிடும். சாதாரணமாக ரெக்கார்டிங் செய்பவர்கள் பயந்து ஒதுக்குவது இது. 90களின் பிற்பகுதியில் இப்படிப்பட்ட பிழைகளையே மூலப்பொருளாக எடுத்துக்கொண்ட இசைக்குக் ‘கிளிட்ச்’ என்று பெயர் வந்தது. அந்த வகையில் எத்தனையோ பேர் வந்தார்கள், நிறைய ஆல்பங்கள் இன்று கேட்கவே முடியாத அளவுக்குப் பழையதாகிவிட்டன. ஃபென்னெஸ் பழையதாகாததற்குக் காரணம், அவர் பிழையைக் காட்சிப்பொருளாக வைக்கவில்லை என்பதே. அழகான ஒரு கார்டு நகர்வைச் சுற்றி அதைப் போர்த்தினார்.

அந்தத் திசை முதலில் தெளிவாகத் தெரிந்தது 1998இல் வந்த ‘பிளேஸ்’ என்ற குறுவெளியீட்டில். இரண்டே பாடல்கள்: ரோலிங் ஸ்டோன்ஸின் ‘பெயின்ட் இட் பிளாக்’, அமெரிக்க பாப் குழு பீச் பாய்ஸின் ‘டோன்ட் டாக்’. இரண்டிலும் மூலப் பாடல் எங்கே என்று கேட்டால் காட்ட முடியாது, அவ்வளவு சிதைந்திருக்கிறது. ஆனால் இரண்டாவதில், பீச் பாய்ஸின் பல குரல்கள் இணையும் ஹார்மனிக்கே உரிய ஏக்கம் மட்டும் எப்படியோ தங்கிவிட்டது. பாடலை எடுத்துவிட்டு அதன் மனநிலையை மட்டும் வைத்துக்கொள்வது சாத்தியம் என்று அவருக்கு அங்கே தெரிந்திருக்க வேண்டும். மறு ஆண்டு, ஆஸ்திரியாவின் நொய்சீட்ல் ஏரிப் பக்கத்தில் உள்ள ஓர் இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை எண்களையே பெயராகச் சூட்டிய ஓர் ஆல்பம் லண்டனின் டச் நிறுவனத்திலிருந்து வந்தது. அந்த நிறுவனத்தோடு அவருக்கு இன்றும் உறவு தொடர்கிறது. டச் நிறுவனத்தின் ஜான் வோசன்கிராஃப்ட் எடுக்கும் நிலக்காட்சிப் படங்கள்தான் பிற்கால ஆல்பங்கள் பலவற்றுக்கு முகம்.

இதே 1999இல் அவருடைய முதல் பெரிய கூட்டு முயற்சியும் வெளியானது. சிகாகோவிலிருந்து வந்த இசைக்கலைஞர் ஜிம் ஓ'ரூர்க், மெகோவின் பீட்டர் ரேபெர்க், ஃபென்னெஸ் மூவரும் தங்கள் பெயர்களை ஒட்டவைத்து ‘ஃபென் ஓ'பெர்க்’ என்ற குழுவானார்கள். மூன்று பேர், மூன்று லேப்டாப், ஒத்திகை கிடையாது. மேடையில் நடந்ததைப் பதிவு செய்து பிறகு வெட்டித் தொகுத்தார்கள். ‘த மேஜிக் சவுண்ட் ஆஃப் ஃபென் ஓ'பெர்க்’ அப்படி வந்தது. 2002இல் ‘த ரிட்டர்ன் ஆஃப் ஃபென் ஓ'பெர்க்’. லேப்டாப் இசைக் கச்சேரி என்றாலே முகத்தைத் திரையில் புதைத்துக்கொண்டு இறுக்கமாக உட்கார்ந்திருப்பது என்று இருந்த காலம். இவர்கள் ஒருவர் ஒரு பழைய சினிமா இசைத் துண்டை வீசினால் அடுத்தவர் அதைப் பொடியாக்குவார், மூன்றாமவர் அதன்மேல் ஒரு மெட்டைப் போடுவார். விளையாட்டும் முரட்டுத்தனமும் சேர்ந்த இசை. எனக்கு இந்த இரண்டு ஆல்பங்களும் அளவோடுதான் பிடிக்கும். சில இடங்கள் அபாரம், சில இடங்களில் மூவரும் வழி தெரியாமல் நிற்கிறார்கள். ஆனால் ஃபென்னெஸுக்கு இவை கொடுத்தது பெரிது. ஒலியை உடனுக்குடன் கைவிடவும், அடுத்தவர் பேசும்போது ஒதுங்கி நிற்கவும் அந்த மேடைகளில்தான் பழகினார்.

இந்த இரண்டு அனுபவங்களும் ஒன்றாகச் சேர்ந்த இடம் 2001இல் மெகோ வெளியிட்ட ‘எண்ட்லெஸ் சம்மர்’. அவருடைய பெயர் நிலைத்தது இந்த ஆல்பத்தால்தான். 1974இல் வந்த ஒரு பீச் பாய்ஸ் தொகுப்புக்கும் இதே பெயர். அட்டையில் கடற்கரை, சூரியன் சாயும் நேரத்து நிறங்கள். கடுமையான கம்ப்யூட்டர் இசைக்குப் பேர்போன ஒரு நிறுவனம் இப்படியோர் அட்டையோடு, இப்படியொரு பெயரோடு ஓர் ஆல்பத்தை வெளியிட்டதே அன்றைக்குத் துணிச்சல்.

தலைப்புப் பாடலைக் கவனித்துக் கேளுங்கள். எட்டு நிமிடத்துக்கும் மேல் ஓடுகிறது. சாதாரண ஒரு கிட்டார் மீட்டல், வீட்டுத் திண்ணையில் யாரும் வாசிக்கக்கூடிய கார்டுகள். அதன்மேல் படிப்படியாக ஒரு கரகரப்பு ஏறுகிறது. முதலில் அது குறுக்கீடு மாதிரித் தோன்றும். சிறிது நேரத்தில் கரகரப்புக்குள்ளேயே அதே கார்டுகள் இருப்பது தெரியும். கிட்டாரிலிருந்து பிறந்த தூசிதான் அது. பிறகு எது மீட்டல், எது தூசி என்று பிரிக்க முடியாமல் இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு போகும். தெளிவாக முன்னால் இருந்த மெட்டு கொஞ்சம் கொஞ்சமாக அழிவதால் அதன்மேல் நமக்கு ஒரு பற்று வந்துவிடுகிறது. இனிமையை இனிமையாகவே கொடுத்திருந்தால் இரண்டு நிமிடத்தில் சலித்திருக்கும்.

‘பிஃபோர் ஐ லீவ்’ பாடலில் சிடி சிக்கிக்கொண்டது போல ஒரே கார்டு திக்கித் திக்கி அடுத்ததற்குப் போகும். முழுப் பாடலும் அவ்வளவுதான், அவ்வளவிலேயே மனதை உருக்கும். ‘சிசீலியா’வில் மெட்டு கிட்டத்தட்ட முணுமுணுக்கும் அளவுக்கு வெளிப்படையானது. கடைசியில் வரும் ‘ஹேப்பி ஆடியோ’ பத்து நிமிடத்துக்கு மேல் நீண்டு, எங்கும் போய்ச் சேராமல் மெல்ல மெல்லத் தேய்கிறது. பரிசோதனை இசையில் மெட்டுக்கு இடமில்லை, மெட்டு என்றால் சமரசம் என்று நம்பிய ஒரு தலைமுறைக்கு இந்த ஆல்பம் பதில் சொன்னது. இதற்குப் பின் வந்த ஆம்பியன்ட் (சூழலாகப் பரவும் மெதுவான இசை) கலைஞர்களில் இதன் சாயல் படாதவர்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இங்கிருந்துதான் பாடகர்கள் அவரைத் தேடி வரத் தொடங்கினார்கள். முதலில் வந்தவர் டேவிட் சில்வியன். 80களில் ‘ஜப்பான்’ என்ற ஆங்கிலேயக் குழுவின் பாடகராகப் புகழ்பெற்று, பிறகு அந்தப் புகழை விட்டு விலகித் தன் வழியில் போனவர். அவருடைய 2003ஆம் ஆண்டு ஆல்பம் ‘பிளெமிஷ்’ ஒரு மணவாழ்க்கை முறிந்த காலத்தில் பதிவானது. ஏழு பாடல்களுக்கு வெறுமை, குரலும் அறுபட்ட கிட்டார் ஒலிகளும் மட்டும். எட்டாவதும் கடைசியுமான ‘எ ஃபயர் இன் த ஃபாரஸ்ட்’ பாடலுக்கு ஃபென்னெஸ் ஒலி அமைத்தார். முழு ஆல்பத்திலும் வெளிச்சம் விழும் ஒரே இடம் அது. அவர் அங்கே பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. தடுமாறும் சில கார்டுகள், மினுக்கும் இரைச்சல். ஆனால் குரலுக்குக் கீழேயும் மேலேயும் ஒலியை வைத்துவிட்டு, குரல் இருக்கும் உயரத்தைக் காலியாக விட்டிருக்கிறார். ரெக்கார்டிங் தெரிந்தவர்கள் ஹெட்போனில் கேட்டால் இந்த இடைவெளி சட்டென்று தெரியும்.

சில்வியன் அதற்குப் பதில் மரியாதை செய்தார். 2004இல் டச் வெளியிட்ட ஃபென்னெஸின் ‘வெனிஸ்’ ஆல்பத்தின் நடுவில் ‘டிரான்சிட்’ என்ற பாடலைப் பாடிக்கொடுத்தார். சொற்களே இல்லாத ஓர் ஆல்பத்தில் திடீரென்று ஒரு மனிதக் குரல் நுழைவது முதல்முறை கேட்பவரைத் தூக்கிவாரிப் போடும். இந்த ஆல்பத்தின் ஒரு பகுதி வெனிஸ் நகரத்திலேயே பதிவானது. ஆஸ்திரியக் கிட்டார் கலைஞர் பர்க்ஹார்ட் ஷ்டாங்கலும் இரண்டு பாடல்களில் கிட்டார் வாசித்திருக்கிறார். ‘எண்ட்லெஸ் சம்மர்’ அளவுக்கு இனிமை இதில் வெளியே தெரியாது. ஒலி அடர்த்தியாகவும் மெதுவாகவும் நகரும். என்னைக் கேட்டால் இதுதான் அவருடைய முழுமையான ஆல்பம். முன்பு மெட்டும் இரைச்சலும் மல்லுக்கட்டின, இதில் இரண்டும் சமாதானமாகிவிட்டன. பாடகர் ஒருவருக்காக இடம் விட்டுப் பழகியது இந்த மாற்றத்தில் பெரிய பங்கு வகித்தது என்று நம்புகிறேன்.

சில்வியனோடு உறவு அதோடு முடியவில்லை. 2009இல் வந்த ‘மனஃபான்’ ஆல்பத்திலும் ஃபென்னெஸ் இருக்கிறார். வியன்னா, டோக்கியோ, லண்டன் நகரங்களில் சுதந்திர மனோதர்ம இசைக் கலைஞர்களைக் கூட்டிவைத்து வாசிக்கச் சொல்லி, பின்னர் அந்தப் பதிவுகள்மேல் சில்வியன் பாடினார். கேட்பதற்குக் கடினமான ஆல்பம், ஆனால் அதில் இருப்பவர்களின் பட்டியலே ஒரு பாடம்: சாக்ஸபோன் கலைஞர் ஈவன் பார்க்கர், ஜப்பானின் ஒடோமோ யோஷிஹிடே, கிட்டார் கலைஞர் கீத் ரோவ்.

கீத் ரோவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1965இல் லண்டனில் உருவான ஏ.எம்.எம். குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். கிட்டாரை மேசைமேல் மல்லாக்கக் கிடத்தி, ரேடியோவும் மின்விசிறியும் உலோகத் துண்டுகளும் கொண்டு ஒலி எழுப்பியவர். கிட்டார் வாசிக்கத் தெரிந்த ஒருவர் கிட்டார் வாசிப்பதையே துறந்தால் என்ன மிஞ்சும் என்ற கேள்வியை ஃபென்னெஸுக்கு ஒரு தலைமுறை முன்பே கேட்டவர். இருவரும் இணைந்து வாசித்த பதிவு 2005இல் வந்தது. அதே ஆண்டில் ஓரன் அம்பார்ச்சி, டோஷிமாரு நகமுரா இருவரையும் சேர்த்துக்கொண்டு ‘ஃபோர் ஜென்டில்மென் ஆஃப் த கிட்டார்’ என்ற பெயரில் ‘கிளவுட்’ ஆல்பம். மெட்டு என்ற பேச்சுக்கே இடமில்லாத அறை இது. அங்கே அவர் தன்னுடைய இனிமையை வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே போகிறார். சில்வியனோடு ஒரு முகம், ரோவோடு ஒரு முகம், இரண்டும் உண்மையானவை.

இப்போது சகமோட்டோ. நீங்கள் ஃபென்னெஸை அறிந்ததே இவர் வழியாகத்தான் என்பதால் இங்கே நிதானமாகப் பார்க்கலாம்.

ரியூச்சி சகமோட்டோ 2000க்குப் பிறகு எலக்ட்ரானிக் கலைஞர்களோடு இணைவதில் தீவிரமாக இருந்தார். ஜெர்மனியின் ஆல்வா நோட்டோவோடு 2002இல் ‘வ்ரியூன்’ தொடங்கி வரிசையாக ஆல்பங்கள் செய்தார். ஃபென்னெஸோடு முதல் பதிவு 2004 நவம்பரில் ரோம் நகரின் இசையரங்கில் நேரடியாக வாசித்தது. பத்தொன்பது நிமிட அளவுள்ள அந்தப் பதிவு அரங்கின் பெயரிலேயே ‘சாலா சாந்தா செச்சிலியா’ என்று 2005இல் வந்தது. இதில் சகமோட்டோ பியானோவை அதிகம் தொடவில்லை, இருவருமே ஒலிச் சுவர் எழுப்புகிறார்கள். எனக்கு இது தயக்கமான தொடக்கமாகவே படுகிறது.

2007இல் வந்த ‘சாந்த்ர்’ ஆல்பம் வேறு தளம். சகமோட்டோ நியூயார்க்கில், ஃபென்னெஸ் வியன்னாவில். ஒருவர் ஒரு பதிவை அனுப்புவார், மற்றவர் அதற்குத் தன் பகுதியைச் சேர்ப்பார். சில சமயம் பியானோ முதலில், சில சமயம் கிட்டாரோ எலக்ட்ரானிக்ஸோ முதலில். பதினொரு பாடல்கள், எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லில் பெயர்.

ஏன் இது இவ்வளவு பொருந்துகிறது? பியானோவின் இயல்பை நினைத்துப் பாருங்கள். சுத்தியல் கம்பியில் விழுந்ததும் ஒலி உச்சத்தில் பிறக்கிறது, அந்தக் கணமே சாகத் தொடங்குகிறது. வாசிப்பவர் எவ்வளவு பெரியவரானாலும் பிறந்த ஸ்வரத்தை வளர்க்க முடியாது. ஃபென்னெஸின் ஒலிக்கு இதற்கு நேர்மாறான குணம்: பிறப்பு தெரியாது, தட்டு வெட்டப்பட்டிருக்கிறது, நீண்டுகொண்டே இருக்கும். சகமோட்டோவின் ஒரு ஸ்வரம் தேய்ந்து மறையும் இடத்தில் ஃபென்னெஸ் அதைக் கையில் வாங்கிக்கொள்கிறார். எந்த நொடியில் பியானோ நின்றது என்று சொல்ல முடியாது. நம் காதுக்குத் தம்புரா பழக்கம் என்பதால் பின்னணியில் நீளும் ஒலியை ஆதார சுருதி போல எடுத்துக்கொள்ளத் தோன்றும். அப்படிக் கேட்டால் கொஞ்சம் தவறிவிடும். தம்புரா ஓரிடத்தில் நின்று பாடகருக்குத் தரை கொடுக்கிறது. இங்கே தரையே நகர்கிறது. பியானோ வாசிக்காத ஸ்வரங்களும் அதில் மிதப்பதால், அடுத்த கார்டு எங்கே போகும் என்பதை ஃபென்னெஸும் தீர்மானிக்கிறார்.

ஆல்வா நோட்டோவோடு ஒப்பிட்டால் இது இன்னும் துலங்கும். அவர் பியானோவை எடுத்துச் சுத்தமாக நறுக்கி, ஊசிமுனை போன்ற கிளிக்குகளையும் தூய அலைகளையும் அளந்து வைப்பவர். அங்கே பியானோவும் எலக்ட்ரானிக்ஸும் இரண்டு தனித்தனிப் பொருள்கள், நடுவில் தெளிந்த காற்று. ஃபென்னெஸிடம் எல்லாம் கலங்கல். ‘வ்ரியூன்’ கேட்டுவிட்டு உடனே ‘சாந்த்ர்’ கேட்டால், கூட்டாளி மாறியதும் அதே பியானோ கலைஞர் எப்படி வேறு ஆளாகிறார் என்பது காதுக்கே தெரிந்துவிடும். இரண்டில் எது மேல் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தனியாக இருக்கும்போது என் கை போவது ‘சாந்த்ர்’ பக்கம்தான்.

2011இல் ‘ஃப்ளூமினா’, இரண்டு சிடி. இதன் பிறப்பே அழகான கதை. சகமோட்டோ ஜப்பானில் 24 கச்சேரிகள் கொண்ட சுற்றுப்பயணம் போனபோது ஒவ்வொரு கச்சேரியையும் ஒரு புதிய சிறு பியானோ வாசிப்போடு தொடங்கினார். 24 மேஜர், மைனர் சுருதிகளில் ஒவ்வொரு நாளும் ஒன்று. அந்த 24 வாசிப்புகளும் ஃபென்னெஸிடம் வந்தன, அவற்றின்மேல் அவர் தன் ஒலியைச் சேர்த்தார். முழுவதையும் ஒரே மூச்சில் கேட்டால் ஒன்றுபோலத் தோன்றலாம். நாளுக்கு இரண்டு மூன்று என்று கேட்பதுதான் இதற்கு முறை. மறு ஆண்டு ‘ஆவுன்’ என்ற ஆஸ்திரியப் படத்துக்கான இசையும் ஃபென்னெஸ் பெயரில் வந்தது, அதிலும் சகமோட்டோவோடு செய்தவை சில உண்டு. 2023 மார்ச் 28 அன்று சகமோட்டோ மறைந்தார். அவருடைய கடைசி இருபது ஆண்டுகளின் இசையைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர் ஃபென்னெஸைத் தாண்டிப் போக முடியாது.

மற்றக் கூட்டுகளில் இரண்டை மட்டும் குறிப்பிடுகிறேன். ஆம்ஸ்டர்டாமில் ‘இன் த ஃபிஷ்டேங்க்’ என்று ஒரு தொடர் இருந்தது. இசைக்கலைஞர்களை அழைத்து இரண்டு நாள் ஸ்டுடியோ கொடுப்பார்கள், என்ன கிடைக்கிறதோ அது ஆல்பம். அதில் ஸ்பார்க்கிள்ஹார்ஸின் மார்க் லிங்கஸும் ஃபென்னெஸும் சேர்ந்த பதிவு 2009இல் வந்தது. உடைந்த மெல்லிய குரல்கொண்ட ஓர் அமெரிக்க ராக் பாடகரும் இவரும் இவ்வளவு இயல்பாகச் சேர்வார்கள் என்று யார் நினைத்திருப்பார்கள்? 2010 மார்ச்சில் லிங்கஸ் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் இருந்தபோது வெளியான கடைசிப் பதிவுகளில் ஒன்று இது, அந்த நினைவு இல்லாமல் இதைக் கேட்க என்னால் முடிவதில்லை. இரண்டாவது, 2015இல் ஆங்கிலேய இசைத் தயாரிப்பாளர் கெவின் மார்ட்டினின் கிங் மிடாஸ் சவுண்ட் குழுவோடு செய்த ‘எடிஷன் 1’. ஜமைக்காவில் பிறந்த டப் இசையின் ஆழமான பேஸ், ரோஜர் ராபின்சன், கிகி ஹிடோமி இருவரின் குரல்கள், நடுவில் ஃபென்னெஸின் பனி. பேஸ் மிகக் கீழே, குரல் நடுவே, மேலே இவர். இடம் பங்கிட்டுக்கொள்வதில் அவர் எவ்வளவு தேர்ந்தவர் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

இதற்கிடையே தனி ஆல்பங்கள். 2008இல் ‘பிளாக் சீ’: அலை அலையாக எழும், இருண்ட, கிட்டத்தட்ட ஆர்க்கெஸ்ட்ரா அளவுள்ள இசை. 2014இல் ‘பேச்’: மெகோ 2005இல் மூடப்பட்ட பிறகு பீட்டர் ரேபெர்க் தனியாக நடத்திய எடிஷன்ஸ் மெகோ வெளியிட்டது, ‘எண்ட்லெஸ் சம்மர்’ வழியில் மீண்டும் இனிமைக்குத் திரும்பியது, ஆனால் இம்முறை டிரம்ஸும் பேஸும் வாசிக்க நண்பர்கள் உண்டு. டோனி பக், மார்ட்டின் பிராண்டில்மேயர், வெர்னர் டாஃபெல்டெக்கர் மூவருமே மனோதர்ம இசை உலகத்தில் அவர் ஏற்கெனவே பழகியவர்கள். கூட்டு வேலை தனி ஆல்பத்துக்குள் வந்து உட்கார்ந்ததற்கு நேரடி உதாரணம்.

2019இல் வந்த ‘அகோரா’ பிறந்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. அப்போது அவருக்கு ஸ்டுடியோ இல்லாமல் போனது. கருவிகளையெல்லாம் வீட்டின் சின்னப் படுக்கையறைக்குக் கொண்டுவந்தார். சத்தமாக ஒலிபெருக்கியில் கேட்க வழியில்லை, முழுவதும் ஹெட்போனில். இருந்த கருவிகள் எல்லாவற்றையும் இணைக்கக்கூட மனம் வராமல், கைக்கு எட்டியதை மட்டும் வைத்து வேலை செய்ததாக அவரே சொல்லியிருக்கிறார். நான்கே பாடல்கள், ஒவ்வொன்றும் பத்து நிமிடம் சுமார். அவ்வளவு குறுகலான அறையிலிருந்து இவ்வளவு விரிந்த இசை வந்திருக்கிறது. முதல் பாடலின் பெயர் ‘இன் மை ரூம்’. பீச் பாய்ஸுக்கும் அதே பெயரில் ஒரு பாடல் உண்டு என்பது தெரிந்தவர்களுக்கு, 1998இல் தொடங்கிய பந்தம் இன்னும் அறவில்லை என்று புரியும். 2024இன் இறுதியில் வந்த ‘மொசைக்’ இன்னும் பொறுமையான ஆல்பம், அவசரமே இல்லாமல் விரிவது.

2021 ஜூலையில் பீட்டர் ரேபெர்க் திடீரென மறைந்தார். ஃபென்னெஸின் முதல் வெளியீட்டிலிருந்து உடனிருந்தவர். வியன்னாவின் இந்த இசையை உலகம் கேட்டதற்கு முக்கியமான காரணம் அவர். ‘ஃபென் ஓ'பெர்க்’ இனி இல்லை. ஆனால் ஓ'ரூர்க்கும் ஃபென்னெஸும் இருவராகச் செய்த ஓர் ஆல்பம் 2016இல் ரேபெர்க்கே வெளியிட்டது இருக்கிறது. இருபது நிமிட அளவில் இரண்டு நீண்ட பாடல்கள். மூவர் கூட்டணியின் விளையாட்டு அடங்கி, நெடுநாள் நண்பர்கள் இருவர் பேசிக்கொள்வது போன்ற நிதானம் வந்திருக்கிறது.

ஆக, கிட்டாரா லேப்டாப்பா என்ற கேள்விக்கு: கிட்டார்தான். மேடையில் இன்றும் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் நிற்கிறார். கம்ப்யூட்டர் அவருக்கு ஆம்ப்ளிஃபயரின் நீட்சி. இத்தனை பேர் அவரைத் தேடுவது ஏன் என்ற கேள்விக்கு: முதல் ஐந்து விநாடியில் இவர்தான் என்று கண்டுபிடிக்கக்கூடிய ஒலி அவரிடம் இருக்கிறது, அதே சமயம் அந்த ஒலியால் கூட்டாளியை மூடிவிடுவதில்லை. முதலாவது பலருக்கு வாய்க்கும். இரண்டாவது அரிது, அதுவும் இவ்வளவு அடர்த்தியான ஒலியை வைத்துக்கொண்டு.

எதிலிருந்து தொடங்குவது? சகமோட்டோ வழியாக வந்த நீங்கள் ‘சாந்த்ர்’ கேட்டிருப்பீர்கள். அடுத்ததாக ‘எ ஃபயர் இன் த ஃபாரஸ்ட்’, அதைத் தொடர்ந்து ‘டிரான்சிட்’. ஒரே இரண்டு பேர், ஒருமுறை சில்வியன் ஆல்பத்தில், ஒருமுறை ஃபென்னெஸ் ஆல்பத்தில். பிறகு ‘வெனிஸ்’ முழுவதும், அதன்பின் ‘எண்ட்லெஸ் சம்மர்’. இரைச்சல் பழகிய பிறகு ‘பிளாக் சீ’, கடைசியாக ‘ஹோட்டல் பேரலல்’. ‘கிளவுட்’, ‘மனஃபான்’ இரண்டையும் அவசரப்பட்டு எடுக்காதீர்கள். இன்னொரு வேண்டுகோள்: போனின் ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள். இவருடைய கார்டுகளின் அடிப்பகுதி கீழ் அதிர்வெண்களில் இருக்கிறது, சின்ன ஸ்பீக்கரில் அது விழாது. மெட்டு போய்விடும், கரகரப்பு மட்டும் மிஞ்சும், இதில் என்ன இருக்கிறது என்று தோன்றிவிடும். நல்ல ஹெட்போனோ ஓரளவு பெரிய ஸ்பீக்கரோ போதும், ‘அகோரா’வை அவரே ஹெட்போனில்தான் முடித்தார்.